பெயர் பறித்த சொற்கள்: ஆங்கில இழிவுச் சொற்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மக்கட்கூட்டம் எதனைப் பெருமையாகக் கருதிற்று என்பதை அதன் புகழ்மொழிகள் காட்டும். எதற்கு அஞ்சிற்று என்பதை அறிய வேண்டுமானால் அதன் பழிமொழிகளை ஆராய்தல் வேண்டும். அரசுகள் மாறிவிடுகின்றன, சட்டங்கள் நீக்கப்படுகின்றன, தண்டனைக் கருவிகள் அருங்காட்சியகங்களைச் சென்றடைகின்றன. ஆயினும் அவற்றோடு பிறந்த சொற்கள் மக்கள் நாவில் வாழ்ந்துகொண்டே இருக்கின்றன.

ஆங்கில மொழியில் ஒருவரை நாணச் செய்தலையும் மானம் இழக்கச் செய்தலையும் குறிக்கும் சொற்கள் மிகப் பல. அவற்றுட் பெரும்பாலானவை இன்று வெறும் வருணனைச் சொற்களாகவே வழங்குகின்றன. ஆனால், ஒரு காலத்தில் அவை உடலின் மீதும் ஊரார் முன்னிலையிலும் நிகழ்த்தப்பட்ட செயல்களின் பெயர்களாக இருந்தன. அச்சொற்களின் வரலாற்றைத் தொடர்ந்து செல்வோர்க்கு ஒரு வினா இடையறாது எதிர்ப்படும். பழித்தவர் யார், பழிக்கப்பட்டவர் யார், பழிக்கும் உரிமையை முன்னவர்க்கு வழங்கியது எது என்பதே அவ்வினா.

போர்க்குடியின் பழிச்சொல்

பழைய ஆங்கிலத்தின் மிகக் கொடிய பழிச்சொற்களுள் ஒன்று ‘நிதிங்’ என்பது. கோழை, நம்பிக்கைத் துரோகி, மானம் அற்றவன் ஆகிய மூன்று பொருளையும் அது ஒருங்கே தாங்கி நின்றது. கி.பி. 1049-ஆம் ஆண்டில் காட்வின் பிரபுவின் மகனாகிய ஸ்வெய்ன், தன் உறவினனாகிய பியோர்ன் என்பவனை நம்பவைத்து அழைத்துச் சென்று கொன்றுவிட்டான். அரசர் எட்வர்டும் படையினர் அனைவரும் கூடி ஸ்வெய்னை ‘நிதிங்’ என அறிவித்தனர் என்று ஆங்கிலோ-சாக்சன் காலக்குறிப்பு உரைக்கிறது. அவனைச் சிறையில் அடைக்கவில்லை. சாட்டையால் அடிக்கவும் இல்லை. ஆயினும், அவனிடமிருந்த எட்டுக் கப்பல்களில் ஆறு அவனைவிட்டு நீங்கின. ஒரு சொல் அவன் படையைக் கலைத்துவிட்டது.

இச்சொல்லின் வலிமையை நார்மானிய அரசர்களும் உணர்ந்திருந்தனர். 1088-ஆம் ஆண்டில் கிளர்ச்சியாளரின் பிடியிலிருந்த ரோச்செஸ்டர் கோட்டையை இரண்டாம் வில்லியம் முற்றுகையிட்டபோது, ஆங்கிலேய வீரர்களைத் துணைக்கு அழைத்தான். வாராது நிற்பவன் ‘நிதிங்’ எனக் கருதப்படுவான் என்று அறிவித்தான். பலர் திரண்டு வந்தனர். அச்சத்தினும் நாணம் வலியது என்பதை அந்த அரசன் அறிந்திருந்தான்.

ஆனால், சொல்லின் வாழ்வு அதனை வழங்கும் சமுதாயத்தின் வாழ்வோடு பிணைந்தது. தலைவனுக்காக உயிர் கொடுப்பதே முதற்கடமை எனக் கருதிய பழைய போர்க்குடி அமைப்பு மறைந்தது. 1066-ஆம் ஆண்டு வெற்றிக்குப்பின் அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சும் இலத்தீனும் ஆட்சி செலுத்தின. ‘நிதிங்’ வழக்கொழிந்தது. அதனிடத்தைப் புதிய சொற்கள் நிரப்பின.

கிரேக்கமும் உரோமும் அளித்தவை

ஆங்கிலம் கற்றோரிடமிருந்து பெற்ற பழிச்சொற்களுட் பல கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பிறந்தவை. ‘ஸ்டிக்மா’ என்னும் சொல் கிரேக்க மொழியில் கூரிய கருவியால் குத்திய குறியைச் சுட்டியது. தப்பியோடிப் பிடிபட்ட அடிமையின் மேனியில் அழியாத குறியிடுவது அக்கால வழக்கம். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் ஆங்கிலத்துள் நுழைந்தபோது சூட்டுக்குறி என்றே பொருள்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது தோலை விட்டு நீங்கி, கண்ணுக்குப் புலனாகாத களங்கத்தைக் குறிக்கலாயிற்று. நோயுற்றோரையும் சிறை மீண்டோரையும் பற்றிப் பேசுங்கால் இன்று வழங்கும் ‘ஸ்டிக்மா’ அந்த அடிமையின் மேனியிலிருந்து வந்ததேயாகும்.

‘இக்னொமினி’ என்னும் சொல் தமிழ் மாணவர்க்கு எளிதில் விளங்கும். ‘நோமென்’ என்பது இலத்தீனில் பெயரைக் குறிக்கும். பெயர் இன்மை, அதாவது நற்பெயரை இழத்தல் என்பதே ‘இக்னொமினியா’வின் அடிப்பொருள். ‘பெயரெடுத்தான்’ என்றும் ‘பெயர் கெட்டது’ என்றும் தமிழர் கூறுவதோடு இது நன்கு ஒத்துவருகிறது. உரோமில் இப்பெயரிழப்பு அரசியல் நிகழ்ச்சியாகவே நடந்தது. மக்கட் பட்டியலைத் தணிக்கை செய்த ‘சென்சார்’ என்னும் அலுவலர் இருவர், ஒழுக்கம் தவறியவனின் பெயரருகே ஒரு குறியிடுவர். அதனால் ஆட்சிமன்ற உறுப்பினன் தன் இருக்கையை இழப்பான். ‘இன்ஃபமி’ என்னும் சொல்லும் உரோமச் சட்டத்தில் ஒரு நிலையின் பெயராகும். அந்நிலைக்கு உள்ளானவர்கள் குற்றவாளிகள் மட்டுமல்லர். நடிகர்களும் வாட்போர் விளையாட்டு வீரர்களுங்கூட அதற்கு உட்பட்டனர். மக்கள் கண்டு மகிழ்ந்த கலைஞர்களையே சட்டம் மானமற்றோர் வரிசையில் நிறுத்தியது.

‘ஆஸ்ட்ரசைஸ்’ என்னும் வினைச்சொல் ஏதென்சு நகரத்து மட்பாண்ட ஓட்டிலிருந்து பிறந்தது. ‘ஆஸ்ட்ரகான்’ என்றால் ஓட்டுச் சில்லு. நகரத்துக்கு ஊறு விளைப்பான் எனக் கருதப்பட்டவனின் பெயரைக் குடிமக்கள் ஓட்டுச் சில்லில் கீறி இடுவர். மொத்தம் ஆறாயிரம் சில்லுகள் சேருமாயின், மிகுதியான சில்லுகளைப் பெற்றவன் பத்தாண்டுகள் நகரை விட்டு நீங்குதல் வேண்டும். அவன் சொத்தும் குடியுரிமையும் பறிக்கப்படா. கி.மு. 487-இல் முதன்முதலாகக் கையாளப்பட்ட இம்முறை, கொடுங்கோலர் தலையெடாமல் தடுக்க வந்தது. ஆயினும், அது பகைமைக்கும் கருவியாயிற்று. ஏதென்சின் ஒரு பழங்கிணற்றில் தெமிஸ்டாக்ளிஸ் என்னும் தலைவனின் பெயர் பொறித்த ஏறத்தாழ 190 சில்லுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றை எழுதியவை பதினான்கு கைகளே என ஆய்வாளர் கண்டனர். ஊரார் பழி எனத் தோன்றுவது சிலரால் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டதாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இது பழைய சான்று.

அவதூறைக் குறிக்கும் ‘ஸ்லாண்டர்’, ஊர்ப்பழியைக் குறிக்கும் ‘ஸ்காண்டல்’ ஆகிய இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ‘ஸ்காண்டலான்’ என்னும் கிரேக்கச் சொல், விலங்கு பிடிக்கும் கண்ணியைக் குறித்தது. அவதூறு ஒரு பொறி என்னும் கருத்து அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

சந்தையில் நட்ட மரம்

மேற்கண்ட சொற்கள் ஏடுகளின் வழியே வந்தவை. இனி வருவன இங்கிலாந்தின் தெருக்களிலேயே பொருள் பெற்றவை. அவற்றுள் முதன்மையானது ‘பில்லரி’. நட்ட கம்பத்தின் மேல், தலைக்கும் இரு கைகளுக்கும் துளையிட்ட பலகை பொருத்தப்பட்டிருக்கும். எடை குறைத்து ரொட்டி விற்றவன், பொய்ச்சான்று கூறியவன், அரசுக்கு ஒவ்வாத நூல் எழுதியவன் ஆகியோரை அதில் மாட்டிச் சந்தைக் கூட்டத்தின் முன் நிறுத்துவர். நீதிபதி விதித்தது நிற்கும் நேரம் மட்டுமே. மற்றத் தண்டனையைக் கூட்டமே வழங்கியது. அழுகிய முட்டையும் சேறும் பறந்தன. சில வேளைகளில் கற்களும் பறந்தன. 1780-ஆம் ஆண்டில் இலண்டனின் சதக் பகுதியில் இவ்வாறு நிறுத்தப்பட்ட ஒருவன் உயிர் துறந்தபோது, எட்மண்ட் பர்க் அதனைப் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்துக் கண்டித்தார். 1816-இல் இத்தண்டனை பொய்ச்சான்றுக் குற்றத்துக்கு மட்டும் எனக் குறுக்கப்பட்டது. 1837-இல் அறவே ஒழிக்கப்பட்டது. மரம் போயிற்று, சொல் மட்டும் நின்றது. செய்தித்தாள் ஒருவரைக் கடுமையாகச் சாடினால், அவரைப் ‘பில்லரி’யில் ஏற்றியதாக ஆங்கிலத்தில் இன்றும் எழுதுகின்றனர்.

கூட்டத்தின் கையில் தண்டனையை ஒப்படைப்பதில் அரசுக்கு ஓர் இடரும் இருந்தது. கூட்டம் மறுத்துவிடக்கூடும். வில்லியம் பிரின் என்னும் வழக்கறிஞர், பேராயர் லாடு என்பாரின் சமயக் கொள்கையை எதிர்த்து எழுதியமைக்காக 1637-ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் நிறுத்தப்பட்டார். முன்னரே அறுக்கப்பட்டிருந்த காதுகளின் எஞ்சிய பகுதி அப்போது நீக்கப்பட்டது. அரசைப் பழித்து நூல் எழுதியவர் என்பதைக் குறிக்கும் ‘எஸ்’, ‘எல்’ என்னும் இரண்டு எழுத்துகள் அவருடைய கன்னங்களில் சுடப்பட்டன. பிரின் மனந்தளரவில்லை. அவ்வெழுத்துகள் ‘ஸ்டிக்மாட்டா லாடிஸ்’ என்பதன் சுருக்கம் என்று விளக்கம் கூறினார். லாடு இட்ட குறிகள் என்பது அதன் பொருள். இலத்தீனில் அது புகழின் குறிகள் என்றும் பொருள்படும். 1640-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் அவரை விடுவித்தபோது இலண்டன் மக்கள் அவரைத் திரளாக எதிர்கொண்டனர். 1645-இல் மரண தண்டனை பெற்றவர் பேராயர் லாடே. அவ்வழக்கை நடத்துவதில் முன்னின்றவர் பிரின்.

எழுத்தாளர் டேனியல் டீஃபோவும் 1703-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மூன்று நாள் இலண்டனில் ‘பில்லரி’ ஏறினார். சமய மாறுபாட்டாளரைக் கொடுமைப்படுத்துவோரை எள்ளி அவர் எழுதிய சிறுநூலே அதற்குக் காரணம். கூட்டம் அவர்மீது கல் எறியாமல் மலர் தூவியது என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் அத்தண்டனையைப் பற்றியே ஒரு கவிதை இயற்றி, தண்டனை நடந்த நாளிலேயே வெளியிட்டார்.

ஆயின், பிரின், டீஃபோ போன்றோர்க்குக் கல்வியும் எழுதுகோலும் துணையிருந்தன. அவை இல்லாதோர் நிலை வேறு. ‘ஸ்கோல்டு’ என்னும் சொல் இன்று கடிந்து பேசுதலைக் குறிக்கும். பழைய ஆங்கிலச் சட்டத்திலோ, அண்டை அயலாரோடு ஓயாது சச்சரவிடும் பெண் என்னும் குற்றவாளியைக் குறித்தது. அக்குற்றத்தைச் சட்டம் பெண்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. அவர்களை நாற்காலியில் கட்டிக் குளத்தில் முக்குவது தண்டனை. லெம்ஸ்டர் ஊரில் 1809-ஆம் ஆண்டிலும் இது நிகழ்ந்தது. அக்குற்றம் சட்டநூலிலிருந்து முறையாக நீக்கப்பட்டது 1967-ஆம் ஆண்டிலேதான். இச்சொல், புலவனைக் குறிக்கும் ‘ஸ்கால்டு’ என்னும் பழைய நார்வேய மொழிச் சொல்லினின்றும் வந்திருக்கலாம் என அறிஞர் கருதுகின்றனர். வசை பாடும் ஆணுக்குப் புலவன் என்னும் பெயரும், வாய் திறந்த பெண்ணுக்குக் குளத்து நீரும் கிடைத்தன.

குற்றமே செய்யாதவர்க்கும் குறியிட்டனர். 1697-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, திருச்சபை வட்டாரத்தின் உதவி பெற்று வாழ்ந்த ஏழைகள், வறியவரைக் குறிக்கும் ‘பாப்பர்’ என்னும் சொல்லின் முதலெழுத்தையும் தம் வட்டாரத்தின் முதலெழுத்தையும் சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டி, வலத் தோளில் தைத்துக்கொள்ள வேண்டும் என விதித்தது. குழந்தைகளும் விலக்கப்படவில்லை. 1810-ஆம் ஆண்டில் இவ்விதி நீக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வறுமையே குற்றத்தின் சின்னத்தை அணிந்து நடந்தது.

அரசவையின் சொற்கள்

எளியவர்க்குச் சந்தையென்றால் உயர்ந்தோர்க்கு அரசவை. ‘டிஸ்கிரேஸ்’ என்னும் சொல் 16-ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தபோது, அரசரின் அருளை இழத்தல் என்றே பொருள்பட்டது. எலிசபெத் அரசியின் அன்புக்குரியவராய் விளங்கிய வால்டர் ராலே, அரசிக்குத் தெரியாமல் திருமணம் புரிந்தமையால் 1592-இல் கோபுரச் சிறை புகுந்தார். அவர் அறநெறி பிறழ்ந்தார் என்பதன்று குற்றம். அருளொளி அவரை விட்டு விலகியது. பின்னரே ‘டிஸ்கிரேஸ்’ என்பது ஒழுக்கக்கேட்டைக் குறிக்கும் சொல்லாயிற்று.

‘டிகிரேடு’ என்பது படியிறக்குதல். 1323-ஆம் ஆண்டில் கார்லைல் பிரபுவாகிய ஆண்ட்ரூ ஹார்க்லே, அரசனின் ஒப்புதலின்றி ஸ்காட்லாந்தோடு உடன்படிக்கை செய்தமைக்காகத் துரோகி எனத் தீர்க்கப்பட்டார். கொல்லப்படுவதற்கு முன் அவருடைய குதிமுட்கள் வெட்டியெறியப்பட்டன, வாள் முறிக்கப்பட்டது. உயிரைப் பறிக்கும் முன் பட்டத்தைப் பறிக்க வேண்டும் என்பது அக்கால நெறி.

குழப்பத்தில் ஆழ்த்துதல் என்னும் பொருளில் இன்று மாணவர் கற்கும் ‘பாஃபிள்’ என்னும் சொல்லின் பழங்கதை வியப்பூட்டுவது. சத்தியம் தவறிய வீரனின் உருவத்தைத் தலைகீழாக வரைந்து, கால்கள் மேலாகத் தொங்கவிட்டு, அவன் பெயரையும் எழுதி வைக்கும் வழக்கம் ஸ்காட்லாந்தியரிடம் இருந்ததாக எட்வர்டு ஹால் என்பார் தம் 16-ஆம் நூற்றாண்டு வரலாற்று நூலில் குறிக்கிறார். அச்செயலின் பெயரே ‘பாஃபிள்’. அந்தப் படம் மறைந்துபோயிற்று; அச்சொல் இன்று கடினமான கணக்குக்கு முன் திகைக்கும் சிறுவனின் நிலையைச் சொல்கிறது.

இவை எல்லாவற்றினும் கொடியது ‘அட்டெயின்டர்’. பாராளுமன்றம் ஒரு சட்டத்தின் வாயிலாகவே ஒருவரைக் குற்றவாளியாக்கும் முறை இது. வழக்கு விசாரணை வேண்டியதில்லை. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1540-இல் இம்முறையிலேயே தலையிழந்தார். சொத்து பறிபோவதோடு, குருதி கெட்டுவிட்டதாகச் சட்டம் கருதியமையால் வழித்தோன்றல்களும் உரிமை இழந்தனர். அச்சொல்லின் மூலப்பொருள் எட்டிப் பிடித்தல், குற்றம் மெய்ப்பித்தல் என்பதே. ஆனால், கறைபடுதலைக் குறிக்கும் ‘டெயின்ட்’ என்னும் வேறொரு சொல்லின் ஒலி அதனோடு ஒத்திருந்தது. கறை குடும்பம் முழுவதிலும் படியும் என்னும் கருத்து அதனால் வலுப்பெற்றது. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு இம்முறையைத் தடை செய்தது. இங்கிலாந்தில் குருதிக்கேடு என்னும் கொள்கையை 1870-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது.

குடிப்பெயர் வசைப்பெயர் ஆன கதை

தண்டனையும் இன்றி, தீர்ப்பும் இன்றி, ஒரு மக்கட்பகுதியின் பெயரே வசையாகிவிடுவதும் உண்டு. ‘வில்லன்’ என்றால் இன்று திரைப்படத்தின் தீயவன். இலத்தீனில் ‘வில்லா’ என்பது பண்ணை. பண்ணையில் உழைத்தவனே ‘வில்லானுஸ்’. பண்பற்றவனைச் சுட்டும் ‘சர்ல்’, பழைய ஆங்கிலத்தில் உரிமை பெற்ற எளிய குடியானவனைக் குறித்தது. அயோக்கியனைச் சுட்டும் ‘நேவ்’ முதலில் சிறுவன், பின்னர் ஏவலாள். நாகரிகமற்றவனைச் சுட்டும் ‘பூர்’ ஓர் உழவன். இழிவான பெண்ணைச் சுட்டும் ‘ஹஸ்ஸி’, இல்லத்தரசியைக் குறிக்கும் சொல்லின் சிதைவேயாகும். நிலமுடையோர் எழுதிய மொழியில், நிலத்தில் உழைத்தோரின் பெயர்கள் யாவும் தீயொழுக்கத்தின் பெயர்களாயின. ‘நோபிள்’ எனவும் ‘ஜென்டில்’ எனவும் வழங்கிய உயர்குடிப் பெயர்கள் நல்லொழுக்கத்தின் பெயர்களாயின.

இவ்வரிசையில் தமிழர் மறக்கவொண்ணாத சொல் ஒன்று உண்டு. ஒதுக்கப்பட்டவர் எனப் பொருள்படும் ‘பரையா’ என்னும் ஆங்கிலச் சொல், பறையர் என்னும் தமிழ்க்குடிப்பெயரின் திரிபு. பறை என்னும் இசைக்கருவியினின்று எழுந்த பெயர் அது. புறநானூற்றின் 335-ஆம் பாடலில் மாங்குடி கிழார், சிறந்த குடிகள் நான்கனுள் ஒன்றாகப் பறையனைச் சொல்கிறார். பிற்காலச் சாதிக்கொடுமை அக்குடியினரைத் தாழ்த்தியது; பெயரும் தாழ்ந்தது. கடல் கடந்து வந்த ஐரோப்பியர் அதனைக் கேட்டு எழுதிக்கொண்டனர். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது ஆங்கில நூலில் இடம்பெற்றது. 1791-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் தெ சேன்-பியேர் வெளியிட்ட இந்தியக் கதையும், 1821-இல் கசிமீர் தெலாவீஞ் அரங்கேற்றிய நாடகமும் அதனை ஐரோப்பா முழுவதும் பரப்பின. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் அது யாராலும் தீண்டப்படாதவர் எவர்க்கும் பொதுப்பெயராயிற்று.

சாதியினின்று தள்ளப்பட்டவர் என்று ஐரோப்பியர் கொண்ட பொருள் தவறானது என்பதைக் கால்டுவெல் 1856-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். அவர்கள் தமக்கெனத் தனி மரபுடைய திராவிட மக்களே என வாதிட்டார். ஆயினும், அகராதி திருந்தவில்லை. உலக நாடுகள் ஒதுக்கி வைக்கும் அரசைச் சுட்டவும் ஆங்கில ஏடுகள் அச்சொல்லையே கையாள்கின்றன. எழுதுவோர் பலர்க்கு அதன் பிறப்பிடம் தெரியாது. அதனால் தைக்கப்படுவோர்க்கு அது நன்கு தெரியும். மலேசியாவில் 2011-ஆம் ஆண்டில், அப்துல்லா ஹுசேன் இயற்றிய ‘இன்டர்லோக்’ என்னும் புதினம் ஐந்தாம் படிவ மாணவர்க்குப் பாடநூலாக வைக்கப்பட்டபோது, அதில் இச்சொல் இடம்பெற்றமையை எதிர்த்து இந்தியச் சமூகம் குரல் எழுப்பியது. அவ்வாண்டின் இறுதியில் நூலைப் பாடத்திட்டத்தினின்று நீக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. தமிழகத்தினின்று புறப்பட்டு ஐரோப்பாவைச் சுற்றிவந்த ஒரு சொல், மலாயா மண்ணில் பள்ளி மாணவரின் மேசைக்கு வந்து சேர்ந்த வரலாறு இது.

ஒரு மனிதரின் பெயர்

குடிப்பெயர் மட்டுமன்றி, தனி மனிதர் பெயரும் பழிச்சொல்லாவதற்குச் சிறந்த சான்று ‘பாய்காட்’. 1880-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், எர்ன் பிரபுவின் நிலங்களை மேற்பார்வையிட்டவர் சார்லஸ் பாய்காட். விளைச்சல் பொய்த்த காலத்தில் குத்தகையைக் குறைக்குமாறு குடியானவர் வேண்டினர். அவர் அவர்களை வெளியேற்ற முற்பட்டார். பிறர் வெளியேற்றப்பட்ட நிலத்தைப் பெறுபவனைக் கொல்லாமல், பேச்சும் கொடுக்கல் வாங்கலும் நிறுத்தி ஒதுக்கிவிடுமாறு தலைவர் பார்னெல் அவ்வாண்டு செப்டம்பரில் என்னிஸ் நகரில் அறிவுறுத்தியிருந்தார். பாய்காட் மீது அது செயற்படுத்தப்பட்டது. வேலையாட்கள் நீங்கினர், கடைக்காரர் பொருள் விற்க மறுத்தனர். பயிரை அறுக்க வடக்கிலிருந்து ஐம்பது பேர் வந்தனர். அவர்களைக் காக்க ஏறத்தாழ ஆயிரம் படைவீரர் வந்தனர். ஏறத்தாழ 500 பவுன் மதிப்புள்ள விளைச்சலைக் காப்பதற்குப் 10,000 பவுன் செலவாயிற்று.

இச்செயலுக்கு என்ன பெயரிடுவது என்னும் வினா எழுந்தபோது, ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்னும் சொல் குடியானவர்க்கு விளங்காது எனக் கருதி, ‘பாய்காட்’ என்னும் சொல்லைப் பாதிரியார் ஜான் ஓ’மாலி வழங்கினார் எனச் செய்தியாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதியுள்ளார். கற்றோரின் கிரேக்கச் சொல் கல்லாதவர் வாயில் நுழையவில்லை. அவர்கள் தம் ஒடுக்குநரின் பெயரையே வினைச்சொல்லாக்கிக்கொண்டனர். மேலோர் கீழோரைப் பழித்த நெடுவரலாற்றில் இங்கே திசை மாறிற்று. 1905-ஆம் ஆண்டில் வங்கத்தில் அந்நியத் துணியை விலக்கும் இயக்கம் எழுந்தபோது அச்சொல் இந்தியாவிலும் முழங்கியது. பகிஷ்காரம் எனவும் புறக்கணிப்பு எனவும் தமிழர் பெயர்த்து வழங்கியது அதனையே.

பழியை ஏற்றுக்கொண்டோர்

பழிச்சொல்லை வெல்ல மற்றொரு வழியும் மக்கள் கண்டனர். அதனைத் தம் பெயராகவே சூடிக்கொள்வது அவ்வழி. 1650-இல் டெர்பி நகரில் நீதிபதி முன் நின்ற ஜார்ஜ் ஃபாக்ஸ், இறைவன் சொற்கேட்டு நடுங்குமாறு அந்நீதிபதிக்கே அறிவுரை கூறினார். நீதிபதி அவரையும் அவர் கூட்டத்தாரையும் ‘குவேக்கர்’, அதாவது நடுங்குவோர், என எள்ளினார். அடிமை வணிகத்தை எதிர்ப்பதில் முன்னின்ற ஒரு சமயக் குழு, அப்பெயராலேயே இன்று உலகெங்கும் மதிக்கப்படுகிறது. ‘டோரி’ என்றால் அயர்லாந்துக் கொள்ளையன்; ‘விக்’ என்பது ஸ்காட்லாந்துக் கலகக்காரர்க்கு இட்ட பெயர். 1679-ஆம் ஆண்டையொட்டி எழுந்த அரசுரிமைப் பூசலில் ஒருவரையொருவர் இவ்வாறு திட்டிக்கொண்ட இரு கட்சியினரும் பின்னர் அப்பெயர்களை நாணாமல் ஏற்றனர்.

தமிழகத்திலும் இவ்வினா எழுந்தது. 1893-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். இழிவு எனப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து சொல்வதே இழிவைப் போக்கும் என்பது அவர் துணிபு. அயோத்திதாச பண்டிதர் அப்பெயர் பிறரால் சுமத்தப்பட்டது எனக் கருதி மறுத்தார். 1907-ஆம் ஆண்டில் தம் இதழை ‘ஒரு பைசாத் தமிழன்’ எனத் தொடங்கினார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922-இல் சென்னை மாகாண அரசு ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது. பழிப்பெயரைச் சூடுவதா, களைவதா என்பதில் அவர்கள் வேறுபட்டனர். தம்மை எப்பெயரால் அழைப்பது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை தமக்கு உண்டு என்பதில் அவர்கள் வேறுபடவில்லை.

பள்ளியறையில் ஒரு சொல்

இக்காலத்தில் ஆங்கிலம் புதிய பழிச்சொற்களைப் படைத்துக்கொண்டிருக்கிறது. ஒருவரது கூற்றோ செயலோ பலருக்கு வெறுப்பூட்டினால், இணையவழி அவரை ஒதுக்கித் தள்ளுவதைக் ‘கேன்சல்’ செய்தல் என்கின்றனர். ‘கான்செல்லி’ என்னும் இலத்தீன் சொல் கம்பி அழியைக் குறிக்கும். பழங்கால எழுத்தர் ஓர் ஆவணத்தைத் தள்ளுபடி செய்யும்போது, எழுத்தின் மேல் அழி போன்று குறுக்கும் நெடுக்குமாகக் கோடிழுப்பர், அதுவே ‘கேன்சல்’. ஆவணத்தின் மேல் இழுத்த கோடு இப்போது மனிதர் பெயரின் மேல் இழுக்கப்படுகிறது. சந்தைக் கூட்டமும் ஓட்டுச் சில்லும் வடிவம் மாறி மீண்டும் வந்துள்ளன. அக்கூட்டத்தின் முன் சிலர் நியாயமாகவே நிறுத்தப்படுகின்றனர். சிலர் ஆராயப்படாமலே நிறுத்தப்படுகின்றனர். பாய்காட்டை ஒதுக்கிய குடியானவரும், சதக் பகுதியில் கல்லெறிந்த கூட்டமும் ஒன்றல்லர். அவ்வேறுபாட்டைக் காண வரலாற்றறிவு துணை செய்யும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நெருங்கிய சொல் ஒன்று எஞ்சியுள்ளது. மந்தபுத்தியுள்ள மாணவனைச் சுட்ட ஆங்கிலேயர் ‘டன்ஸ்’ என்னும் சொல்லை வழங்கினர். 19-ஆம் நூற்றாண்டுப் பள்ளிகளில் அத்தகைய மாணவன் தலையில் கூம்புத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்து, வகுப்பின் மூலையில் நிறுத்தினர். அது சிறுவர்க்கெனச் செய்த ‘பில்லரி’. ஆனால், ‘டன்ஸ்’ என்பது ஒரு பேரறிஞரின் பெயர். 1308-ஆம் ஆண்டில் மறைந்த ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ், இடைக்கால ஐரோப்பாவின் நுண்ணறிவு மிக்க மெய்யியலாளருள் ஒருவர். 16-ஆம் நூற்றாண்டில் புதிய கல்வியை ஏற்காத அவர் வழியினரை எதிர்த்தரப்பினர் ‘டன்ஸ்’ கூட்டத்தார் எனப் பழித்தனர். நாளடைவில் அறிஞரின் பெயர் அறிவிலியின் பெயராயிற்று. 1993-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அவரை முத்திப்பேறு பெற்றோர் வரிசையில் சேர்த்தார். அகராதியோ இன்றுவரை அவருக்கு அந்த மதிப்பை அளிக்கவில்லை.

ஒரு பேரறிஞரின் பெயரையே இவ்வாறு மாற்றிவிட்ட பழிச்சொல், பத்து வயதுச் சிறுவனை என்ன செய்யும் என்பதை எண்ணிப்பார்த்தல் தகும். பிரினுக்கு இலத்தீன் தெரியும். டீஃபோவுக்குக் கவிதை எழுதத் தெரியும். மூலையில் நிற்கும் சிறுவனுக்கு மறுமொழி சொல்லத் தெரியாது. தன்மேல் இடப்பட்ட பெயரை அவன் நம்பிவிடுவான். பெயரிழத்தலே இழிவு என்று இலத்தீனர் கண்டனர். வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு மாணவனையும் அவனவன் பெயரால் அழைக்கும் ஆசிரியர், அவ்விழிவு அவனை அணுகாமல் நாள்தோறும் காத்து நிற்கிறார்.